நண்பகலில் மறைந்த சிற்றலை நிலையங்கள், இரண்டு நாள் கழித்து வந்த சோர்வு: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

சிற்றலைநேயர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நெடுங்காலமாகச் சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்டுவருகிறேன்; அண்மையில்தான் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். விண்வெளி வானிலை பற்றிய பாடத்தைப் படித்த பிறகும் நான் நேரில் கண்ட இரண்டு நிகழ்வுகளை அதனோடு பொருத்திப் பார்க்க முடியவில்லை. ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

ஒரு நண்பகல் வேளையில் 25 மீட்டர் பட்டையில் (மீட்டர் எண் குறையக் குறைய அதிர்வெண் கூடும்) தெளிவாக வந்துகொண்டிருந்த ஓர் ஒலிபரப்பு சில நிமிடங்களுக்குள் தேய்ந்து, பிறகு அடியோடு மறைந்துவிட்டது. முள்ளை நகர்த்திப் பார்த்தபோது 31, 41 மீட்டர் பட்டைகளில் ஒரு நிலையம்கூட இல்லை. 19 மீட்டரில் ஒன்றிரண்டு நிலையங்கள் மெலிந்து ஒலித்தன; 13 மீட்டரில் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் மட்டும் சற்றே வலுக் குன்றியதோடு தப்பித்தது. நிலையங்கள் போனது ஒருபுறமிருக்க, வழக்கமான இரைச்சலும் சேர்ந்து அடங்கிவிட்டதால், ஆன்டெனாக் கம்பி அறுந்துவிட்டதோ என்று எண்ணி மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கம்பி சரியாகவே இருந்தது. மத்திய அலையில் உள்ளூர் நிலையம் எப்போதும்போல் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின: முதலில் 19 மீட்டர், பிறகு 25, கடைசியில் 41.

இரண்டு நாள் கழித்து நடந்தது இதற்கு நேர்மாறாக இருந்தது. அன்று பகல் முழுவதும் 13, 16 மீட்டர் பட்டைகள் வெறிச்சோடிக் கிடந்தன. முன்பு முதலில் மறைந்த 31, 41 மீட்டர் பட்டைகளிலோ நிலையங்கள் கேட்டன. மாலையில் வடக்கிலிருந்து வரும் ஒலிபரப்புகள் மட்டும் நடுங்கும் குரலில், சொற்கள் சிதைந்து ஒலித்தன. மறுநாளும் நிலைமை முழுமையாகச் சீரடையவில்லை.

இவை இரண்டும் ஒரே சூரிய நிகழ்வின் விளைவுகளா? அப்படியானால் ஒன்று குறைந்த அதிர்வெண்களையும் மற்றொன்று உயர்ந்த அதிர்வெண்களையும் தாக்கியது ஏன்? இவற்றை முன்கூட்டியே அறிய வழி இருக்கிறதா?


அயனிமண்டலன் பதிலளிக்கிறார்:

நண்பருக்கு வணக்கம். தாங்கள் இவ்வளவு கவனமாகக் குறித்துவைத்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. தங்கள் பெட்டியில் கோளாறு ஏதுமில்லை. இரண்டு நிகழ்வுகளுமே சூரியனால் விளைந்தவை. பெரும்பாலும் ஒரே வெடிப்பிலிருந்து கிளம்பியவையாகவும் இருக்கலாம். ஆனால் முதல் நாள் நம்மை வந்தடைந்தது ஒளி, இரண்டு நாள் கழித்து வந்தடைந்தது பொருள். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து நிற்கும் அயனி மண்டலத்தின் அடித்தட்டை ஒளி தடிக்கச் செய்தது; பொருள் அதன் மேல்தட்டை மெலியச் செய்தது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் தாங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடை கிடைத்துவிடும்.

சிற்றலை என்று நாம் சொல்லும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள், தரையிலிருந்து ஏறத்தாழ 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள எஃப்2 அடுக்கில் வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புவதால்தான் கடல் கடந்து செல்கின்றன. அந்த அடுக்கை எட்டுவதற்கு முன்பும், அங்கிருந்து திரும்பி வரும்போதும், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கை அவை கடந்தாக வேண்டும். டி அடுக்கு சிற்றலையைத் திருப்பி அனுப்புவதில்லை. விழுங்க மட்டுமே செய்யும். அலை கடந்து செல்லும்போது அங்குள்ள எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு அசைகின்றன. அந்த உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தியாக இருப்பதால், நெரிசலான சந்தைக்குள் ஓட முயல்பவரைப்போல் அவை அடிக்கடி மூலக்கூறுகளின்மீது மோதுகின்றன. அலையிடமிருந்து பெற்ற ஆற்றல் அந்த மோதல்களில் வெப்பமாகப் போய்விடுகிறது. இரவில் சூரிய ஒளி இல்லாதபோது டி அடுக்கு ஏறத்தாழ மறைந்துவிடும். 41, 49 மீட்டர் நிலையங்கள் இரவில் வெகுதொலைவிலிருந்து வருவதற்கு இதுவே காரணம்.

சூரியனில் திடீரென நிகழும் ஒளி வெடிப்பான சூரியச் சுடர் ஒன்று வெடிக்கும்போது எக்ஸ் கதிர்கள் பல நூறு மடங்கு பெருகுகின்றன. அவை ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பூமியை வந்தடைந்து, நேரே டி அடுக்குவரை ஊடுருவி, அங்கு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைத் திடீரென உயர்த்திவிடுகின்றன. எஃப்2 அடுக்கு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அலை அதுவரை போய்த் திரும்புவதற்குள் கரைந்துவிடுகிறது. தாங்கள் குறிப்பிட்ட இரைச்சல் அடங்கியதற்கும் காரணம் இதுவே. சிற்றலையில் நாம் கேட்கும் கரகரப்பில் பெரும்பகுதி தொலைதூரத்து மின்னல்களிலிருந்து வருவது. அதுவும் அயனி மண்டலத்தின் வழியாகவே வந்தாக வேண்டும் என்பதால், நிலையங்கள் மறையும்போது அதுவும் மறைந்துவிடுகிறது. ஆன்டெனா அறுந்ததுபோன்ற அந்த அமைதியே, சுடரால் நிலையங்கள் மறையும் இந்தச் 'சுடர் மறைவின்' மிகத் தெளிவான அடையாளம். அதே வேளையில் தரையை ஒட்டி வரும் உள்ளூர் மத்திய அலை நிலையம் மாறாமல் கேட்டால் ஐயத்துக்கே இடமில்லை.

குறைந்த அதிர்வெண்கள் முதலில் மறைவதும் கடைசியில் திரும்புவதும் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டி அடுக்கில் ஏற்படும் இழப்பு, டெசிபெல் அளவில், ஏறத்தாழ அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஒரு சுடரின்போது 7 மெகாஹெர்ட்ஸில் 40 டெசிபெல் இழப்பு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அலையின் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதே பாதையில் 14 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 10 டெசிபெல்தான். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 21 மெகாஹெர்ட்ஸில் நான்கரை டெசிபெல்லுக்கும் குறைவு. தங்கள் 41 மீட்டர் நிலையம் அடியோடு போனதும், 19 மீட்டர் மெலிந்ததும், 13 மீட்டர் தப்பித்ததும் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகின்றன (41 மீட்டர் என்பது ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ், 19 மீட்டர் 15, 13 மீட்டர் 21).

இந்தத் திடீர் மறைவை 1930இல் ஜெர்மனியில் மோகல் என்பவரும், 1935இல் அமெரிக்காவில் டெல்லிஞ்சரும் எடுத்துக்காட்டினார்கள். இன்றும் இது அவர்கள் பெயரால் வழங்கப்படுகிறது. 1989 மார்ச் 10 அன்று வெடித்த ஒரு சுடர், சோவியத் நாட்டை நோக்கிச் செய்யப்பட்ட ரேடியோ ஃப்ரீ யூரோப் ஒலிபரப்பை மறைத்தபோது, அந்த அரசே அலைகளை முடக்குகிறது என்ற ஐயம் எழுந்ததாகச் சொல்வார்கள். சூரியனின் வேலையும் மனிதரின் வேலையும் கேட்பவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கக்கூடும்.

இனி இரண்டாம் நிகழ்வு. சுடரோடு சேர்ந்து பல வேளைகளில் சூரியன் கோடிக்கணக்கான டன் அயனி வாயுவைக் காந்தப் புலத்தோடு வீசியெறிகிறது. சி.எம்.இ. (சூரிய ஒளிவட்டப் பொருள் வீச்சு) என்று அழைக்கப்படும் இது பூமியை வந்தடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 1859ஆம் ஆண்டின் கேரிங்டன் நிகழ்வில் பதினேழரை மணி நேரமே ஆனது. அது புவிகாந்தப் புலத்தைக் கலக்கும்போது (இதுவே காந்தப் புயல்) துருவப் பகுதிகளின் மேல்வளிமண்டலம் சூடேறி விரிகிறது. கீழேயிருந்து நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுந்த காற்று எஃப்2 அடுக்கின் உயரத்துக்கு எழுந்து, காற்றோட்டத்தால் தாழ்ந்த அகலாங்குகளை நோக்கியும் பரவுகிறது. மூலக்கூறுகள் மிகுந்த இடத்தில் எலக்ட்ரான்கள் விரைவாக அயனிகளோடு சேர்ந்து அழிந்துவிடுவதால், அடுக்கு மெலிகிறது.

மெலிந்த அடுக்கால் உயர்ந்த அதிர்வெண்களை வளைக்க முடியாது. செங்குத்தாக அனுப்பும் அலையை எஃப்2 அடுக்கு 10 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பும் ஒரு நாளில், 3000 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாய்வாகச் செல்லும் அலையை அது ஏறத்தாழ 30 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பும். புயலில் அந்த 10 என்பது 6ஆகக் குறைந்துவிட்டால், 30 என்பது 18 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 21 மெகாஹெர்ட்ஸ் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகிறது. தங்கள் 13 மீட்டர் பட்டை வெறிச்சோடியதன் காரணம் இதுதான். 9 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த அடுக்கு இன்னும் போதுமானதாக இருக்கிறது. வடக்கு நிலையங்களின் நடுக்கம், அந்த அலைகள் கலங்கிய துருவப் பகுதியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வந்ததைக் காட்டுகிறது.

ஆகவே நண்பகல் மறைவு என்றால் அதிர்வெண்ணை உயர்த்துங்கள், அல்லது பொறுத்திருங்கள். காந்தப் புயல் என்றால் அதிர்வெண்ணைத் தாழ்த்துங்கள். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.


துருவவழி பதிலளிக்கிறார்:

அயனிமண்டலன் அவர்களின் விளக்கம் தெளிவானது. அதில் இடம்பெறாத மூன்றாவது வகை ஒன்றையும், பாதையின் இடம் பற்றிய ஒரு கருத்தையும் சேர்க்க விரும்புகிறேன்.

ஒளிக்கும் பொருள் வீச்சுக்கும் இடையில், சில பெரிய வெடிப்புகளின்போது, மிகுந்த வேகம் பெற்ற புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வந்து சேர்கின்றன. புவிகாந்தப் புலம் இவற்றை நடுப்பகுதிகளுக்கு வரவிடாமல் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. அங்கு அவை டி அடுக்கின் உயரம்வரை இறங்கி, இரவு பகல் என்ற வேறுபாடின்றிச் சிற்றலையை விழுங்குகின்றன. சுடர் மறைவு ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; இந்தத் துருவ மறைவோ பல நாள் நீடிக்கக்கூடும். வட துருவத்தின் மேலாகப் பறக்கும் விமானங்கள் 82 பாகைக்கு அப்பால் நிலநடுக்கோட்டுக்கு மேலுள்ள தொடர்புச் செயற்கைக்கோள்களைக் காண முடியாமல் சிற்றலையையே நம்பியிருக்க நேர்வதால், இத்தகைய நாட்களில் விமான நிறுவனங்கள் எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும் தாழ்ந்த அகலாங்குகள் வழியாகப் பாதையை மாற்றிக்கொள்கின்றன. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 2019 நவம்பர் 7 முதல் விமானங்களுக்கென விண்வெளி வானிலை அறிவிப்புகளை வெளியிட ஏற்பாடு செய்திருக்கிறது. அவற்றில் சிற்றலைத் தொடர்பின் நிலை ஒரு தனிப் பிரிவாகவே இடம்பெறுகிறது.

பாதையின் இடத்தைப் பற்றிச் சொல்வதானால், 'என் தலைக்கு மேலுள்ள வானம் எப்படி இருக்கிறது' என்று கேட்பதால் பயனில்லை. அலை எங்கெங்கே டி அடுக்கைக் கடக்கிறது, எங்கெங்கே எஃப்2 அடுக்கில் வளைகிறது என்பதே கேள்வி. கேட்பவர் இருளில் இருந்தாலும் நிலையமும் வழியில் பெரும்பகுதியும் நண்பகல் வெயிலில் இருந்தால் சுடர் அந்தப் பாதையை மறைத்துவிடும்; கேட்பவர் அந்தி ஓரத்தில் இருந்து அலை முழுவதும் இரவுப் பக்கத்தின் வழியாக வருமானால் எவ்வளவு பெரிய சுடரும் அதைத் தொடாது. ஆகவே மறைவு நேரும்போது இரவுப் பக்கத்து நிலையம் ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்ல சோதனை. மறைவு சூரியனால்தானா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதேபோல், காந்தப் புயல் வந்தால் எஃப்2 அடுக்கு மெலியும் என்பது நடு அகலாங்குகளுக்கும் உயர் அகலாங்குகளுக்கும் நன்கு பொருந்தும் விதி. காந்த நடுக்கோட்டை அடுத்த பகுதிகளில் அதை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. புயலின் தொடக்கத்தில் அங்கு ஊடுருவும் மின்புலம், பகலில் நடுக்கோட்டுக்கு மேலுள்ள அயனி வாயுவை மேலே தூக்கி இருபுறமும் கொண்டுபோய்க் கொட்டுகிறது. நடுக்கோட்டின்மீது அடர்த்தி குறைய, அதன் வடக்கிலும் தெற்கிலும் அடர்த்தி கூடுகிறது. நடுக்கோட்டைக் குறுக்காகக் கடந்து வடக்கு தெற்காகச் செல்லும் பாதைகளில் புயல் நாளன்று 28 மெகாஹெர்ட்ஸ் வியக்கத்தக்க அளவு திறந்திருப்பதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பட்டை வெறிச்சோடிவிட்டது என்று பெட்டியை அணைப்பதற்கு முன் ஆன்டெனாவை ஒருமுறை தெற்கு நோக்கித் திருப்பிப் பாருங்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வதுண்டு.


சிற்றலைநேயர் மறுபடியும் கேட்கிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரைச்சல் அடங்கியதன் காரணம் எனக்கு முற்றிலும் புதிய செய்தி. ஒரு துணைக் கேள்வி. பல தளங்களில் சூரியப் பாயம், ஏ எண், கே எண் என்று மூன்று எண்களைத் தினமும் வெளியிடுகிறார்கள். பாயம் உயர்ந்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் சூரியன் கொந்தளிப்பாக இருந்தால் பாதிப்பு என்றும் சொல்கிறார்கள். இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? முன்கூட்டியே அறியும் வழி குறித்த என் கேள்வியும் நிற்கிறது.


நெடுந்தொலைவு பதிலளிக்கிறார்:

முரண்பாடு ஏதுமில்லை. சூரியன் நாள்தோறும் சீராகத் தரும் புறஊதா ஒளிதான் எஃப்2 அடுக்கை உருவாக்குகிறது. சுடரும் புயலும் அதற்கு இடையில் வந்துபோகும் இடையூறுகள். சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த காலத்தில் இரண்டுமே கூடும். அடித்தளமான ஒளி கூடுவதால் உயர்ந்த பட்டைகள் வாரக்கணக்கில் திறந்திருக்கும். நடுநடுவே அவை தடைபடும்.

அந்த அடித்தளத்தைக் காட்டுவதே சூரியப் பாயம். சூரியன் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் வானொலி ஆற்றலை 1947 முதல் கனடாவில் அளந்துவருகிறார்கள். முதலில் ஒட்டாவாவில், இப்போது பென்டிக்டனில். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அது 70 அளவில் நிற்கும். உச்ச ஆண்டுகளில் 200ஐத் தாண்டும். 10.7 சென்டிமீட்டர் அலை அயனி மண்டலத்தை உருவாக்குவதில்லை. புறஊதா ஒளியைத் தரையிலிருந்து அளக்க முடியாததாலும், இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்குவதாலும், ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கிறோம். ஆகவே ஒரு நாள் மட்டும் எண் துள்ளியதைக் கண்டு மகிழ வேண்டாம். அளக்கும் வேளையில் ஒரு சுடர் குறுக்கிட்டிருந்தாலும் எண் துள்ளும். பல நாட்கள் தொடர்ந்து உயர்ந்து நின்றால்தான் 21, 28 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு நல்ல காலம்.

கே எண் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புவிகாந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்கிறது. 5ஐ எட்டினால் புயல் என்று கொள்வார்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இதை ஜி1 முதல் ஜி5 வரை தரம்பிரிக்கிறது. 2024 மே 10 அன்று வந்தது ஜி5, 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக. சுடர் மறைவுக்கு ஆர் என்ற தனி அளவுகோலும், புரோட்டான்களுக்கு எஸ் என்ற தனி அளவுகோலும் உள்ளன. முன்னவர்கள் இருவரும் பிரித்துக் காட்டிய மூன்று வகைகளே அவை. தாங்கள் கண்டதுபோன்ற மறைவுக்கு எம் வகையின் மேற்பகுதியிலோ எக்ஸ் வகையிலோ உள்ள ஒரு சுடர் தேவைப்பட்டிருக்கும் (எக்ஸ் கதிர்களின் வலுவைக் கொண்டு சுடர்களை வகைப்படுத்துகிறார்கள்; எம் வகையைவிட எக்ஸ் வகை வலியது). எக்ஸ்1ஐ எட்டினால் ஆர்3.

ஏ எண் பற்றி ஓர் எச்சரிக்கை. கே எண்ணின் படிகள் சமமானவை அல்ல என்பதால், ஒவ்வொரு கே மதிப்பையும் அதற்குரிய நேர்கோட்டு மதிப்பாக மாற்றி, ஒரு நாளின் எட்டு மதிப்புகளுக்கும் சராசரி எடுத்தால் கிடைப்பதே ஏ எண். கே 1 என்பது 4ஆகவும், கே 5 என்பது 48ஆகவும், கே 7 என்பது 132ஆகவும், கே 9 என்பது 400ஆகவும் மாறும். ஒரு நாளில் ஒரே ஒரு மூன்று மணி நேரப் பகுதியில் கே 7 வந்து, மற்ற ஏழு பகுதிகளிலும் கே 1 ஆக இருந்தால் கூட்டுத்தொகை 160, சராசரி 20. '20தானே, பரவாயில்லை' என்று மறுநாள் பார்ப்பவர் எண்ணக்கூடும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கடும் புயல் வீசியிருக்கிறது. ஏ எண் சென்ற நாளின் வரலாறு என்றே கொள்ளுங்கள். தொடர்பு கொள்ள அமரும் நேரத்தில் கே எண்ணைப் பாருங்கள்.

இணையம் இல்லாத இடத்திலும் இந்த எண்களைப் பெறலாம். கொலராடோவிலுள்ள டபிள்யூ.டபிள்யூ.வி. நேரக் குறிப்பு நிலையம் ஒவ்வொரு மணியிலும் 18ஆம் நிமிடத்தில் இவற்றைக் குரலில் வாசிக்கிறது. 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாவதால், எந்த அதிர்வெண் கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதே பாதையின் நிலையைச் சொல்லிவிடும். 14.100 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலுள்ள நான்கு அதிர்வெண்களிலும் உலகெங்குமுள்ள 18 அமெச்சூர் கலங்கரை நிலையங்கள் பத்து விநாடிக்கு ஒன்றாக முறைவைத்து ஒலிபரப்புகின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் நான்கு நீண்ட ஒலிகளை முதலில் 100 வாட், பிறகு 10, 1, கடைசியில் 0.1 வாட் என்று ஆற்றலைக் குறைத்துக்கொண்டே அனுப்புவதால், எத்தனையாவது நீண்ட ஒலிவரை கேட்டது என்பதை வைத்துப் பாதையின் வலுவை மதிப்பிடலாம். மோர்ஸ் தெரியாதவர்களும் கடிகாரத்தைப் பார்த்தே நிலையத்தை அறிந்துகொள்ள முடியும். இதைவிட நேர்மையான கருவி சிற்றலைக்காரருக்கு வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முன்கூட்டியே அறியும் கேள்விக்கு வருகிறேன். சுடரைப் பற்றிய செய்தியும் ஒளிதான், பாதிப்பும் ஒளிதான். இரண்டும் ஒரே கணத்தில் வந்து சேர்வதால் எச்சரிக்க நேரமே இல்லை. சிக்கலான காந்த அமைப்புடைய கரும்புள்ளிக் கூட்டம் பூமியை நோக்கி நிற்கும் நாட்களில் வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்ல முடியும். சி.எம்.இ.க்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு. ஆனால் அது சுமந்துவரும் காந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பூமியின் புலத்தோடு வலுவாக இணைந்து புயலை உண்டாக்கும். அந்தத் திசையை வெகுதொலைவிலிருந்து அறிய முடிவதில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள எல்1 புள்ளியில் நிற்கும் ஏஸ், டிஸ்கவர், ஆதித்யா-எல்1 போன்ற கலங்களை அது கடக்கும்போதுதான் திசை தெரியும். அதற்குப் பிறகு நமக்குக் கிடைப்பது வீச்சின் வேகத்தைப் பொறுத்து 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைதான்.

ஒருவகைப் புயலை மட்டும் நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். சூரியனின் வெளி வளிமண்டலமான ஒளிவட்டத்தில் உள்ள துளைகளிலிருந்து வரும் விரைவான சூரியக் காற்றால் ஏற்படும் மிதமான புயல்கள், சூரியன் பூமியைப் பொறுத்து ஒருமுறை சுழல எடுக்கும் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதைச் சூரியச் சுழற்சி என்பார்கள்; 25ஆம் சூரியச் சுழற்சியின் உச்சம் 2024இல் கடந்துவிட்டது. சுழற்சி இறங்கும் ஆண்டுகளில் இத்தகைய துளைகள் நிலைத்து நிற்பது வழக்கம் என்பதால், இனி வரும் காலத்தில் தங்கள் குறிப்பேட்டில் 27 நாள் இடைவெளிகள் தென்படத் தொடங்கும்.


வலைநெறியாளர் பதிலளிக்கிறார்:

பல நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் கூடிச் செய்தி பரிமாறும் பேரிடர்க் காலத் தொடர்பு வலைகளை நடத்துபவன் என்ற முறையில் ஒரு கருத்தைச் சேர்த்தாக வேண்டும். 'சுடர் என்றால் அதிர்வெண்ணை உயர்த்துங்கள்' என்ற ஆலோசனை நெடுந்தொலைவுப் பாதைகளுக்குச் சரி. அருகிலுள்ள ஊர்களுக்கு அலையை ஏறத்தாழச் செங்குத்தாக அனுப்பித் திரும்பப் பெறும் முறையில் அது பயன்படாது. அங்கே எஃப்2 அடுக்கு செங்குத்தாகத் திருப்பக்கூடிய எல்லைக்கு மேல் போக வழியில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும் வலை 14க்குத் தாவினால் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளவர் நம்மைக் கேட்கவே மாட்டார். பேரிடரின்போது நாம் பெரிதும் நம்பியிருக்கும் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளையே சுடர் மிகக் கடுமையாகத் தாக்குகிறது என்பதுதான் கவலைக்குரியது.

இது வெறும் அச்சம் அன்று. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தபோது எக்ஸ்9.3 அளவுள்ள சுடர் வெடித்தது. 10ஆம் நாள் சூறாவளி புளோரிடாவை அடைந்தபோது எக்ஸ்8.2 அளவுள்ள மற்றொன்று வெடித்தது. இரண்டுமே அந்தப் பகுதியின் பகல் வேளையில் வெடித்ததால், சூறாவளிச் செய்திகளைக் கடத்திக்கொண்டிருந்த சிற்றலை வலைகள் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் ஊமையாயின. இடையில் 7, 8ஆம் நாட்களில் புவிகாந்தப் புயலும் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு வகைகளும் மாறிமாறி வந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எங்கள் வலையில் இதற்காக ஒரு நடைமுறையை எழுதி வைத்திருக்கிறோம். பகலில் அனைவரும் ஒரே நேரத்தில் மறைந்து, இரைச்சலும் அடங்கினால், யாரும் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை. ஆளுக்கொரு பக்கம் தேடிப் போனால், பட்டை மீளும்போது வலை சிதறியிருக்கும். ஒவ்வொரு நிலையமும் கால் மணிக்கு ஒருமுறை, முன்பே ஒதுக்கிய தன் நிமிடத்தில், அதே அதிர்வெண்ணில் அழைத்துப் பார்க்கிறது. அவசரச் செய்தி இருந்தால், பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு துணை நிலையத்துக்கு 21 மெகாஹெர்ட்ஸில் அதைக் கொடுக்கிறோம். பாதிப்பில்லாத இணைப்பு எதுவோ அதன் வழியாக அவர் அதை உரியவருக்குச் சேர்க்கிறார். குறுகிய தொலைவுக்கு வி.எச்.எஃப். ரிப்பீட்டர் (சிற்றலையைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) இயங்கிக்கொண்டிருந்தால் அதுவே முதல் தேர்வு, சுடர் அதைத் தொடுவதில்லை.

மாறாக, அருகிலுள்ளவர்கள் மட்டும் மறைந்து தொலைவிலுள்ளவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இரைச்சலும் குறையாமல் இருந்தால், எஃப்2 அடுக்கு மெலிந்துவிட்டது என்று கொண்டு, நெறியாளர் ஒருவர் மட்டும் அறிவிக்க, அனைவரும் 7லிருந்து 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக இறங்குகிறோம். அறிவிப்பைக் கேட்க முடியாதவர்கள் பத்து நிமிடம் காத்திருந்து தாமாகவே இறங்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. உரிமம் பெற்றவுடன் தாங்களும் ஏதேனும் ஒரு வலையில் சேர்ந்து, அந்த வலையில் இப்படியொரு தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாங்கள் குறித்துவைத்திருக்கும் அந்த இரண்டு நாட்களின் விவரத்தையே முன்வைத்து அதை எழுதச் சொல்லுங்கள்.